பட்டனும் உப்புக்காற்றும்

கேள்வி: மீன் கூடை ஏற்றும் என் பழைய புல்லட்டில் ஸ்டார்ட்டர் பட்டன் அடிக்கடி மக்கர் செய்கிறது. சீட்டுக்கு அடியில் மாற்றி வைக்கலாமா?
- வாசகர், பழவேற்காடு

பதில்: தாராளமாக வைக்கலாம். பட்டனில் ஓடுவது ரிலேயைத் தட்டி எழுப்பும் சிறு கரண்ட்தான். மோட்டாரைச் சுழற்றும் பெரிய கரண்ட் ரிலே வழியாகப் போகிறது. மெல்லிய வயரை நீட்டினால் போதும். ஆனால் உங்கள் ஏரியின் உப்புக்காற்று அங்கேயும் தேடி வரும்! பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பட்டனைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே செம்பில் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, வாசலின் தடவி, ரப்பர் மூடி போட்ட பட்டனாக மாட்டுங்கள். நியூட்ரல் பார்க்காமல் அமுக்கினால், வண்டி உங்களை விட்டுவிட்டு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடும். 1955இல் சென்னையில் தயாரிப்பைத் தொடங்கிய புல்லட்டுக்குக் கிக்கர்தான் பிறவிச் சொத்து. அதை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.