‘டிக் டிக்’ திணை: ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓசையின் முதல், கரு, உரி

எஞ்சின் ஓசை பற்றி உலகில் நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை அனைத்தும் எஞ்சின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அந்த ஓசையைக் கேட்டுத் தூக்கம் கெட்டு, மறுநாள் காலை பானெட்டைத் திறந்துவைத்து உள்ளே வெறித்துப் பார்க்கும் உரிமையாளரைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது. ஆய்வுலகின் இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் ஏதோ ஓர் இடைவெளியை நிரப்பத்தான் எழுதப்படுகின்றன. இத்தனை பேர் நிரப்பியும் இடைவெளி குறையாதது ஏன் என்பது தனி ஆய்வுக்கு உரியது.) ஆய்வு எல்லை: 1989 முதல் 1997 வரை ஜப்பானின் ஹிரோஷிமாவில் உற்பத்தியான முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5. ஆய்வுப் பொருள்: அதன் ‘டிக் டிக்’. ஆய்வுக் கருவி: காது, இரண்டு.

ஏன் இந்த வண்டி என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கை வண்டிக்கு அமெரிக்காவில் மியாட்டா என்று பெயர்; ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. அதாவது கவலைப்படுவோர் எண்ணிக்கை ஆய்வுக்குப் போதுமானது. அதைவிட முக்கியம், இதற்குக் கூரை கிடையாது. இருக்கும் துணிக்கூரையையும் மடக்கி வைப்பதற்காகவே ஆட்கள் வாங்குகிறார்கள். குடும்ப வண்டியில் எஞ்சின் ஓசை உள்ளே வராமல் தடுக்கப் பஞ்சும் ரப்பரும் வைத்து அடைப்பார்கள். இங்கேயோ சைலன்சரிலிருந்து வரும் ஓசை எப்படி இருக்கவேண்டும் என்று பொறியாளர்கள் உட்கார்ந்து சுருதி சேர்த்திருக்கிறார்கள். கச்சேரியில் முதல் வரிசை டிக்கெட் வாங்கியவருக்குத் தம்பூராவின் ஒரு தந்தி இறங்கினாலும் தெரிந்துவிடும். காசு கொடுத்துக் கேட்பவர் எல்லாவற்றையும் கேட்பார். இதனால், பழுது எஞ்சினில் பிறக்கிறது, ஆனால் உரிமையாளரிடம் வளர்கிறது என்பது பெற்றாம்.

இனி முறையியல். எஞ்சின் ஓசையை ஆராய்ந்த மேலைநாட்டார் அது எப்படிப்பட்ட ஓசை என்று கேட்டுக் குழம்பினர். எங்கே, எப்போது என்று கேட்டிருந்தால் குழப்பம் பாதி தீர்ந்திருக்கும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று தொல்காப்பியம் எப்போதோ தீர்த்துவைத்த விஷயம் இது. நல்ல மெக்கானிக் யாரும் இந்த மரபை மீறுவதில்லை. நம்மூர் ஷெட்டில் போய்ப் பாருங்கள்.

“அண்ணே, வண்டியில ஒரு சத்தம் வருது.”

“எப்ப வருது? காலையில எடுத்த உடனேயா, சூடான பிறகா?”

“டிக் டிக்னு வருது.”

“அத விடு தம்பி. எப்ப வருது?”

அண்ணன் தொல்காப்பியம் படித்தவர் அல்லர். ஆனால் தம்பி ஓசை என்னும் கருப்பொருளில் நிற்க, அவர் முதற்பொருளுக்குப் போய்விட்டார். மேல்தளமா (வால்வு, கேம்ஷாஃப்ட்), கீழ்த்தளமா (கிராங்க், பேரிங்), முன்பக்கமா (பெல்ட்), அடிப்பக்கமா (சைலன்சர்) என்பது நிலம். ஸ்டார்ட் செய்யும்போது, ஐடிலிங்கில், மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது என்பன சிறுபொழுது. இந்த இரண்டும் தெரிந்தால் உரிப்பொருள், அதாவது செலவு, தானே வெளிப்படும்.

நமது ‘டிக் டிக்’ முல்லைத் திணை. அதன் ஒழுக்கம் ஆற்றி இருத்தல். முல்லைக்குரிய பெரும்பொழுது கார் என்று இலக்கணம் சொல்வதைத் தற்செயல் என்று இக்கட்டுரையாளர் நம்பவில்லை.

காரணம் இதுதான். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. கேம்ஷாஃப்டின் மூக்கு வால்வை நேரே தொடுவதில்லை. இடையில் ஒரு டேப்பட் உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இந்த இடத்தில் விடவேண்டிய மயிரிழை இடைவெளியை அவ்வப்போது தகடு செருகி அளந்து சரிசெய்ய வேண்டும். அந்த வேலையை ஒழிக்க வந்தது ஹைட்ராலிக் டேப்பட். அதற்குள் ஒரு சின்ன அறை. எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு அதில் நிறைந்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். வண்டி நாள்கணக்கில் நின்றால் சில டேப்பட்டுகளில் ஆயில் வடிந்துவிடும். அல்லது காற்றுக் குமிழி புகும்; ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் கசடு போய் அடைக்கும். அப்போது இடைவெளி திறக்கிறது, மூக்கு வந்து தட்டுகிறது: டிக். ஆயில் மறுபடி நிறைந்ததும் ஓசை நின்றுவிடும். அதுவரை பொறுத்திருப்பதே தலைவியின் கடமை. நம்மூர் புல்லட்டில் ‘டேப்பட் சத்தம்’ என்று சொல்கிறோமே, அதே குடும்பம்தான்.

இதை நிறுவக் கணக்கும் உண்டு. ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று. கேம்ஷாஃப்ட் எப்போதும் அதில் பாதி வேகம்தான், ஆக 425. ஒரு டேப்பட் மட்டும் தட்டினால் நொடிக்கு ஏழு டிக். கிராங்க் வேகத்திலேயே ஓசை வந்தால் நொடிக்குப் பதினான்கு. பாதி வேகத்தில் வருவது மேல்தள நோய், முழு வேகத்தில் வருவது கீழ்த்தள நோய் என்பது பொதுவிதி. நொடிக்கு ஏழையும் பதினான்கையும் காதால் எண்ணிப் பிரிக்க மிருதங்கப் பயிற்சி தேவைப்படும் என்பது இம்முறையின் ஒரே குறை.

மற்றத் திணைகளைச் சுருக்கமாகவே பார்ப்போம். குறிஞ்சி: மலையும் மலை சார்ந்த இடமும். மேடு ஏறும்போது சில்லறையைக் குலுக்குவது போன்ற ‘கிணிகிணி’. பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன்பே, மீதியிருக்கும் பெட்ரோல் ஆவி சூட்டிலும் அழுத்தத்திலும் தானே பற்றிக்கொள்கிறது. பெரியவர்கள் முறைப்படி வந்து நடத்திவைக்குமுன் நிகழும் இக்கூடலைக் களவு என்னாமல் வேறு என்ன என்பது? இந்த வண்டிக்காரர்களில் பலர் கூடுதல் வேகத்துக்கு ஆசைப்பட்டு, நிறுவனம் வைத்த 10 டிகிரி இக்னிஷன் டைமிங்கைப் 14க்குத் தள்ளிவிட்டு, சாதா பெட்ரோலும் போடுவார்கள். பிறகு களவைப் பற்றி ஊரெல்லாம் அலர் தூற்றுவார்கள். மருதத்துக்குச் சிறுபொழுது வைகறை, ஒழுக்கம் ஊடல். ஈரமான காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’சென்று கத்துவது பெல்ட். அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓசை மாறினால் ஊடியவர் பெல்ட்தான். கைக்கிளை என்பது ஒருதலைக் காதல்: எஞ்சினுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல் உரிமையாளர் மட்டும் படும் வேதனை. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ‘ஜிர்’ரென்று அடிப்பகுதியில் ஓர் அதிர்வு. சைலன்சர் குழாயைச் சுற்றியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு வெல்டிங் விட்டு ஆடுகிறது. ஒரு ஹோஸ் கிளிப்பால் இறுக்கிக் கட்டினால் காதல் முறிந்துவிடும்.

நெய்தலில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உரக்க வந்தால் அது கனெக்டிங் ராட் பேரிங். அதன் ஒழுக்கம் இரங்கல். உறுதிசெய்யப் பழைய வழி ஒன்று உண்டு: எஞ்சின் ஓடும்போது பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்வது. எந்தச் சிலிண்டரின் பிளக் நின்றதும் ஓசை தணிகிறதோ, அங்கே பேரிங் தேய்ந்திருக்கிறது. டேப்பட் டிக் இந்தச் சோதனைக்கெல்லாம் அசையாது.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. வெப்பத்தால் மற்ற நிலம் திரிந்து பாலையாகிறது. மெக்கானிக்கிடம் போனதும் ஓசை மறைந்துபோகும் உலகப் பெரும் புதிர் இத்திணையைச் சேர்ந்தது. இதை விதி என்பர் ஒரு சாரார். மெக்கானிக்கின் ராசி என்பர் மற்றொரு சாரார். இருவர் சொல்வதும் தவறு. உரிமையாளர் அரைமணி நேரம் வண்டியை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வருகிறார். அதற்குள் எஞ்சின் சூடேறி, டேப்பட்டெல்லாம் ஆயில் நிறைந்து, முல்லை திரிந்து பாலையாகிவிடுகிறது. பிரிதல் நிகழ்கிறது. தீர்வு எளிது: முந்தின நாள் மாலையே வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கையே போடச் சொல்லவேண்டும். உரிமையாளர்கள் இதற்கு ஒப்புவதில்லை. ஒரு ராத்திரி பிரிந்திருக்க முடியாதாம்.

வண்டி ஊமையாகிவிட்டால் உரிமையாளரே ஓசையாக மாறவேண்டியிருக்கிறது. அமெரிக்க வானொலியில் 1977 முதல் 2012 வரை ‘கார் டாக்’ என்றொரு நிகழ்ச்சி நடந்தது. டாம், ரே மக்லியோசி என்ற சகோதரர்கள், இருவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், தொலைபேசியில் அழைப்போரை அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டச் சொல்வார்கள். படித்தவர்களும் வெட்கத்தை விட்டு, நாடே கேட்க, பழுதான வண்டியாக மாறி இருமினார்கள், முனகினார்கள், தட்டினார்கள். நேரில் பார்க்காத மூலத்தை வாய்மொழிப் பாடத்திலிருந்து மீட்கும் இம்முறைக்கு நம் பதிப்பாசிரியர்கள் தலைவணங்கவேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, 1816இல் பாரிசில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டியதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. மெக்கானிக்குக்கு அந்தக் கூச்சம் இல்லை. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கிறார். காற்றைவிட எஃகில் ஒலி சுமார் 15 மடங்கு வேகமாகப் போகும். ஆனால் இங்கே உதவுவது வேகமல்ல, சுற்றுப்புற இரைச்சல் விலகி அந்த ஒரு புள்ளி மட்டும் பேசுவது. பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடத்தில் தாடியையும் துண்டையும் ஒதுக்கிவைத்துக்கொண்டுதான் இந்தக் கள ஆய்வைச் செய்யவேண்டும்.

சிகிச்சை என்று வந்தால் ஆய்வு இறையியலுக்குள் நுழைகிறது. டிக் டிக்குக்கு ஆயிலே மருந்து என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயிலை மாற்றினால் மட்டும் போதுமா என்பதில்தான் இரண்டு கலை. நல்ல ஆயிலாக மாற்றிவிட்டுச் சரணடைந்தால் போதும், பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பவர் தென்கலையார். உரிமையாளரும் முயலவேண்டும், எஞ்சினை நன்கு சூடாக்கி நெடுஞ்சாலையில் விரட்டி டேப்பட்டிலிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பவர் வடகலையார். இவர்களுக்குள் 10டபிள்யூ-30 போடுவோருக்கும் 5டபிள்யூ-40 போடுவோருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்க, அடுத்த தலைமுறையின் 1.8 லிட்டர் எஞ்சினில் மாஸ்டா ஹைட்ராலிக் டேப்பட்டையே விட்டுவிட்டுப் பழைய திட டேப்பட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஓசையின் பெருமை சிறுமை அதன் குலத்தைப் பொறுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பழைய டுகாட்டி பைக்கின் உலர் கிளட்ச் கலகலவென்று பாத்திரக்கடை போல் உருளும். அதை அந்தஸ்து என்கிறார்கள். லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ.யின் ஓசைக்கு யமஹா நிறுவனம் சுருதி சேர்த்தது. அந்த எஞ்சின் 0.6 நொடியில் ஐடிலிங்கிலிருந்து உச்ச வேகத்துக்குப் போய்விடுவதால் முள் வைத்த மீட்டர் ஈடுகொடுக்காமல் திரை வைத்தார்கள். 2011இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5, எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்கச் செய்தது. ஸ்பீக்கரில் எஞ்சினைக் கேட்பதைப் பொருந்தா ஒலி என்றும், அதைப் பெருந்திணையில் அடக்குவதே முறை என்றும் இக்கட்டுரையாளர் கருதுகிறார். மேல்முறையீடு ஏற்கப்படாது.

இத்தனைக்கும் நடுவில் உண்மையான ஆபத்து பேசாமலே வந்துவிடும். போர்ஷேயின் முதல் பாக்ஸ்டரிலும் 996 வகை 911இலும் எஞ்சினுக்குள் இருந்த ஓர் இடைநிலைத் தண்டின் பேரிங், பல நேரங்களில் ஒரு முனகலும் இல்லாமல் உடைந்து எஞ்சினையே நாசமாக்கியிருக்கிறது. மியாட்டாவின் டேப்பட்டோ வருஷக்கணக்கில் டிக் டிக்கென்று புலம்பியபடியே லட்சக்கணக்கான மைல் ஓடிவிடும். சத்தம் போடுவோர் பிழைத்துக்கொள்ளும் உலகம்.

ஆய்வாளரின் பரிந்துரை சுருக்கமானது. ஓசை கேட்டதும் வாயால் செய்துகாட்டுமுன், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். காலையில் வந்து சூடானதும் போகும் டிக் என்றால் தாராளமாக ஓட்டுங்கள். அடியிலிருந்து டொக் என்றால், அல்லது ஆயில் விளக்கு எரிந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பது மட்டும் சிகிச்சையில் சேராது.