பனித்தேதி அண்ணை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்ச் மாதத் தொடக்கத்தில், நள்ளிரவு தாண்டியும் பேஸ்மென்ட் யன்னலில் ஊதா வெளிச்சம் தெரிகிற வீடு தெருவுக்கு ஒன்று இருக்கும். பொலிசார் பதற வேண்டியதில்லை; உள்ளே வளர்வது மிளகாய்க் கன்று. யோகட் பேணிகளும் கோப்பிக் கப்புகளும் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் விதை போட்ட நாள் மார்க்கரால் எழுதப்பட்டிருக்கும். சுவரில் தமிழ்க்கடை இலவசமாகக் கொடுத்த கலண்டர். அதில் ராகுகாலத்தையும் கரிநாளையும் மீறிக்கொண்டு மே மாதத்தில் ஒரு சிவப்பு வட்டம்: கடைசி உறைபனித் தேதி. இந்த வீட்டுக்காரர்தான் பனித்தேதி அண்ணை. கலியாண நாளை மறந்து வீட்டில் பேச்சு வாங்கினாலும் வாங்குவார், இந்த நாளை மறக்கமாட்டார். அதற்குப் பத்துக் கிழமை முன்னால் மிளகாய், எட்டுக் கிழமை முன்னால் கத்தரி, ஆறு கிழமை முன்னால் தக்காளி, மூன்று கிழமை முன்னால் பாகலும் புடோலும் என்று பின்னோக்கி எண்ணுவதிலேயே அவருடைய வசந்தம் கழிந்துவிடும்.

எண்ணிக்கையில் ஒரு பிழையும் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், வட்டம் போட்ட நாளை அண்ணை முகூர்த்தமாக எடுத்துக்கொள்கிறார். வானிலைக்காரர் செய்வது இவ்வளவுதான்: முப்பது ஆண்டுப் பதிவுகளை அடுக்கி, வசந்தத்தில் வெப்பநிலை கடைசியாகப் பூச்சியத்தைத் தொட்ட நாள்களைப் பார்த்து, நடுவில் விழுவதைச் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது. பாதிக்குப் பாதி வெல்லலாம் என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும் மனிதர், பத்துக் கிழமை பாலூட்டாத குறையாக வளர்த்த கன்றுகளை அதே பாதிக்குப் பாதியில் கொண்டுபோய் வெளியே நடுகிறார். அதுவும் அந்தத் தேதி அவருடைய வளவுக்கு உரியதுகூட அல்ல. விமான நிலையத்தில் எடுத்த கணக்கு ஒன்று, நகர நடுவில் எடுத்தது இன்னொன்று. ஒன்ராறியோ ஏரிக்கரை வீடுகளுக்கு ஏரி காவல்; மார்க்கம் தாண்டி வடக்கே போனால் அந்தக் காவல் இல்லை. அண்ணைக்கு எல்லாம் ஒரே ரொறன்ரோ.

வெப்பமானி இருக்கும் இடத்தையும் அவர் யோசிப்பதில்லை. நிலையங்களில் அது தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் சொகுசாக இருக்கிறது. அண்ணையின் மிளகாய்க் கன்று ஒரு சாண். முகிலும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிர்ந்துவிடும். ஆகவே இரண்டு பாகை என்று செய்தியில் சொன்ன இரவிலும் விடியும்போது இலை வெளுத்திருக்கலாம். குளிர்காற்றுக்குக் கனம் அதிகம். சரிவில் இறங்கிப் பள்ளத்திலும் வேலியடியிலும் தேங்கும். சுவரோரக் கன்று தப்பிக்க, வேலியோரக் கன்று கருகும். ஒரே வளவுக்குள் இரண்டு பஞ்சாங்கம். கருகினால் அண்ணை தேதியைக் குறை சொல்லமாட்டார். “கண்ணூறு பட்டிட்டுது” என்று பக்கத்து வீட்டைப் பார்ப்பார்.

“இதற்குத்தானே விக்ரோறியா தினம் இருக்கிறது, அதற்குப் பிறகு நட்டால் போச்சு” என்பார்கள் அனுபவசாலிகள். நல்ல வாதம், அரைவாசி சரியும்கூட. அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை; 18ஆம் தேதியிலும் வரும், 24ஆம் தேதியிலும் வரும். 1819இல் மே 24 அன்று ஒரு ராணி பிறந்ததற்கும் ஸ்காபரோக் கத்தரிக்கும் உறவேதும் இல்லை. வழக்கம் பலிப்பதற்குக் காரணம், அந்த நாள் சராசரியைவிடக் கொஞ்சம் பிந்தி வருவதுதான். ஆனால் உறைபனி நின்றதும் மிளகாய் மகிழ்ந்துவிடாது. இரவு பத்துப் பாகைக்குக் கீழே போனாலே மிளகாயும் கத்தரியும் முறுக்கிக்கொண்டு நிற்கும். வெண்டைக்கு மண்ணே சூடேற வேண்டும். அவசரப்பட்டு நட்ட கன்றை, இரண்டு கிழமை பிந்தி நட்டது யூன் முடிவதற்குள் எட்டிப் பிடித்துவிடும்.

“உலகமே சூடாகிறது, இனி எதற்கு இந்தப் பயம்?” என்பது புதிய வாதம். 2012இல் ஒன்ராறியோவில் மார்ச் மாதம் கோடை போல அடித்தது. அப்பிள் மரங்கள் ஏமாந்து முன்கூட்டியே மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி இரவுகள் வந்தன. மாகாணத்தின் அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 80 சதவீதம் போனது. சராசரி நகர்ந்தாலும், கன்றைக் கொல்ல ஓர் இரவு போதும்.

அப்படியானால் தேதியே வேண்டாமா என்று கேட்டால், அண்ணையின் பக்கம்தான் பேச வேண்டியிருக்கிறது. விதையை எப்போது பேணியில் போடுவது என்று தீர்மானிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. எட்டுக் கிழமைக் கணக்கு நாலு நாள் பிசகினால் எந்தக் கன்றும் சாகாது. அது பின்னோக்கி எண்ணுவதற்கான நாள்; வெளியே வைப்பதற்கான நாளை அந்தக் கிழமை வானம்தான் சொல்லும். ஒக்ரோபரில் அண்ணைக்கு இது நன்றாகவே தெரியும். முதல் உறைபனிக்குத் தேதி எதுவும் பார்க்காமல், மாலையில் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மனைவியின் பழைய நூல்சேலைகளைக் கொண்டுபோய் மிளகாய்ப் பாத்தியைத் தரைவரை மூடிக் கரையில் கல் வைப்பார். மண்ணின் சூடு உள்ளேயே நிற்க வேண்டும் என்ற கணக்கு அது. கறிவேப்பிலைச் சாடி அதற்கு முன்பே மகனின் அறை யன்னலைப் பிடித்திருக்கும். மகன் ஹோலுக்கு வந்திருப்பான்.

அண்ணைமாரே, அந்த ஒக்ரோபர்க் கண்ணை மே மாதத்திலும் கொஞ்சம் திறவுங்கள். நடுவதற்கு முந்தி ஒரு கிழமை கன்றைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், பத்துக்கு நாலைப் பேணியிலேயே விட்டுவையுங்கள்.