டீசலாப் போன பென்ஷன்

கண்டக்டர் வேலை கெடச்சிருச்சாமே மாப்ளே! பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. உக்காரு, ஒரு புத்திமதி சொல்றேன். சம்பளச் சீட்டை மட்டும் படிச்சிராத. பி.எஃப்., சொசைட்டி, எல்.ஐ.சி.ன்னு பிடித்தமா இருக்கும். பிடிச்ச காசைக் கட்டினீங்களான்னு கேக்கத் தோணும். பெரிய எடத்துல அப்படிக் கேக்கறது மரியாதையில்ல.

நம்ம அரசு போக்குவரத்துக் கழகங்கள்ல அந்தக் காசு பல வருசம் பஸ் ஓட்டத்தான் போச்சுன்னு சங்கத்துக்காரங்க கத்திக்கிட்டே இருந்தாங்க. 2011-க்கு அப்புறம் 2018 வரைக்கும் டிக்கெட் விலையை ஏத்தல. ஓட்டுப் போடற சனத்துக்குக் கோவம் வரக்கூடாதில்ல? டீசல் விலைக்கு அந்த நாசூக்கு கிடையாது. பங்க்காரன் கடன் தரமாட்டான். டிரைவரும் கண்டக்டரும் தருவாங்க, கேக்காமலே, வட்டியில்லாம!

பென்ஷனுக்குன்னு 1998-லயே ட்ரஸ்ட் வெச்சாங்க. ஆனாலும் 2018 ஜனவரியில, பொங்கலுக்கு முன்னால, ஒரு வாரம் வேலைநிறுத்தம். நிலுவை 7,000 கோடின்னு சங்கம் சொல்லுச்சு. ஓய்வு பெற்றவங்களுக்குன்னு 750 கோடி தர்றோம்னு அரசு சொல்லுச்சு. மீதிக் கணக்கை நீயே போட்டுக்க, டிக்கெட் கணக்கு பார்க்கப் போறவன்தானே. ரிட்டையர் ஆனவங்களுக்கு 2015 நவம்பர்லருந்து பல வருசம் அகவிலைப்படி ஏறல. பாவம், அரிசிக்காரன் அது தெரியாம விலையை ஏத்திட்டான். அந்தப் படியைக் கேட்டு 2024 ஜனவரியிலயும் வேலைநிறுத்தம்.

சட்டம் இல்லேன்னு நெனச்சிக்காத. சம்பளத்துல பிடிச்ச பி.எஃப். காசை முதலாளி கட்டாம அமுக்கினா அது நம்பிக்கை மோசடின்னு 1973-லயே இ.பி.கோ. 405-ல சேத்தாச்சு. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 316. மில்லு முதலாளின்னா நோட்டீஸை வாசல்ல ஒட்டலாம். சர்க்காரே முதலாளின்னா எந்த வாசல்ல ஒட்டறது சொல்லு?

சீமையில ராபர்ட் மேக்ஸ்வெல்னு ஒரு பத்திரிகை முதலாளி. 1991 நவம்பர்ல சொகுசுக் கப்பல்லருந்து கடல்ல விழுந்து செத்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவனோட மிரர் பத்திரிகைத் தொழிலாளிங்க பென்ஷன் நிதியில 40 கோடி பவுண்டுக்கு மேல காணோம்னு. வெள்ளைக்காரன் தலையில கை வெச்சு உக்காந்துட்டு, 1995-ல சட்டம் போட்டான். பென்ஷன் காசுக்குத் தனி பேங்க் கணக்கு. அதைப் பாக்கற ட்ரஸ்டிகள்ல மூணுல ஒருத்தர் தொழிலாளிங்க நிறுத்தற ஆள். முதலாளி தன் யாவாரத்துல அந்தக் காசைப் போட்டுக்க வரம்பு. நம்மூருக்கும் அதே போதும் மாப்ளே. பிடிச்ச அன்னிக்கே தனிக் கணக்குக்குப் போகணும், போகலேன்னா எந்த அதிகாரி கையெழுத்துன்னு பேர் போட்டு பொறுப்பாக்கணும், பற்றாக்குறைய பட்ஜெட்லயே எழுதி நிரப்பணும். இதுல சட்டசபையில ஒருத்தனுக்கும் லாபமில்ல. அதான் அவசரமில்ல.

2003 ஏப்ரல்லருந்து சேந்தவங்களுக்குப் பழைய பென்ஷனே கிடையாதுன்னு ஆயிட்டுது. நீ அந்தக் கவலையும் படவேண்டாம், கொடுத்து வெச்சவன்!

போ, அரூர் வண்டி கெளம்புது. சில்லறை இல்லேன்னா டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கியை எழுதிக் குடுப்பியே, அந்த எழுத்தை நல்லாப் பழகிக்க. ரிட்டையர் ஆகறப்ப உனக்கும் அதுலதான் எழுதித் தருவாங்க.