ஒன்றும் செய்யாதவர்

இடுப்புயரத்துக்கு நிற்கும் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்று, நம் குழந்தையின் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட, அதன் பின்னால் மேல்துண்டைச் சரிசெய்தபடி சாவகாசமாக நடந்துவரும் கிருகஸ்தர், "பயப்படாமல் வாருங்கள், டைகர் ஒன்றும் செய்யாது" என்று அபயம் அளிப்பார். சங்கிலியோ, வாங்கிய நாள் மாறாத மெருகோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த மந்திரத்துக்கு அவரிடம் உள்ள பாடபேதங்கள் அனந்தம். நாய் மேலே தாவினால், "விளையாடக் கூப்பிடுகிறது". சட்டையைக் கிழித்தால், "பிரியம் வந்துவிட்டால் அப்படித்தான்". குழந்தையின் கையில் ரத்தமே துளிர்த்துவிட்டாலோ, மூக்குக்கண்ணாடியை வரவழைத்து, காயத்தை ஹைகோர்ட் நீதிபதியின் நிதானத்தோடு பரிசீலித்து, "இது கடியல்ல, பல் பட்டிருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்வார். வெறிநாய்க்கடி மருந்துக்கென்றே 1907-இல் குன்னூரில் ஏற்பட்ட பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் நிபுணர்களுக்கும் எட்டாத சூக்ஷ்மமான பேதம் இது. சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டிய வேளையில், அவர் நமக்கு டைகரின் வம்சாவளியை விஸ்தரித்துக்கொண்டிருப்பார்.

மனுஷர் துஷ்டரல்லர். டைகருக்குக் காய்ச்சல் கண்ட சமயத்தில், இராமுழுவதும் கண்விழித்து மோர்சாதத்தைக் கரைத்து ஊட்டியவர். ஆனால் அவ்வளவு வாத்ஸல்யமும் அந்த ஜீவனின் பாஷையை அவருக்குக் கற்பிக்கவில்லை. குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு வாலையும் இழுக்கும்போது, டைகர் முகத்தை அப்பால் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், ஓரக்கண்ணில் வெள்ளை தெரிய விறைத்து நிற்கும். "இந்தச் சிசுவை அப்புறப்படுத்துங்கள் ஐயா" என்று அது வரிசையாகச் சமர்ப்பிக்கும் மனுக்கள் அவை. இவரோ, "பாருங்கள், என்ன சுகமாகக் கொட்டாவி விடுகிறது!" என்று பூரிப்பார். கடைசியில் வேறு கதியின்றி அது உறுமினால், விருந்தாளியின் முன்னே மானம் போயிற்றென்று பத்திரிகையைச் சுருட்டி அதன் தலையில் இரண்டு போடுவார். இப்படி அடிபட்டுப் பழகிய நாய், அடுத்த முறை முன்னறிவிப்பைத் தள்ளுபடி செய்துவிட்டு நேரே காரியத்தில் இறங்கினால், அது நாயின் குற்றமா?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். நாயைக் கைவிடும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அது சாப்பிடும்போதும் உறங்கும்போதும் குழந்தையை அண்டவிடாமல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். முடியாவிட்டால், நடுவே ஒரு கதவைச் சாத்தவேண்டும். அந்தக் கதவைச் சாத்துவதுதான் டைகரின் சாதுத்தனத்தின் மீது சந்தேகம் கொள்வதாக அவருக்குப் படுகிறது. சென்ற வாரம் வாய்விட்டே கேட்டேன், கொஞ்சம் கட்டிப்போடக் கூடாதா என்று. அவர் மிகவும் மனம் நொந்துபோய், "நீங்கள் குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்களேன், டைகருக்குக் குழந்தைகள் என்றால் பயம்" என்றார்.