ஒண்ணுல நில்லுடே!

வாடே மருமவனே! ரும்பா ஆடப் போறியாமே? சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு, செண்டு அடிச்சாச்சு, சந்தோசம். தாளத்தை மட்டும் வீட்டுல மறந்து வச்சிட்டுப் போயிராதே.

பாட்டுக்கு எண்ணிக்கை நாலு, உனக்கு அடி மூணுதான். மிச்சம் ஒண்ணை என்ன செய்யன்னு தெரியாமத்தானே இன்னொரு அடியைத் திணிச்சு முன்னால ஓடுதே? ரெண்டுல ஒரு அடி, மூணுல ஒரு அடி, நாலுல ஒரு அடி. ஒண்ணு வரும்போது பாதம் சும்மா கிடக்கட்டும். நாலுல வச்ச கால்மேல எடையை முழுசா இறக்கு, முட்டி நேராவட்டும், இடுப்பு தன்னால சாயும். நீ எடையை மாத்தாம இடுப்பை மட்டும் ஆட்டுதே. பாக்கவன் சுளுக்குன்னு தைலம் தேடுவான்.

அவசரம் எதுக்குங்கேன்? சர்வதேசப் போட்டியிலயே நிமிசத்துக்கு 25லேர்ந்து 27 ஆவர்த்தனந்தான் வாசிக்காங்க. பொலேரோ, சோன்னு ரெண்டு கியூபா இசையும் பெத்த பிள்ளைடே நீ ஆடப்போற ரும்பா, மெதுவாத்தான் நடக்கும். கியூபாவுல தெருவில மேளம் அடிச்சு ஆடுத குவாகுவாங்கோ ரும்பா வேற சங்கதி. அங்க போய் இந்த மூணடியை வச்சே, சிரிச்சிருவாங்க.

ஒண்ணுல தொடங்கவா, ரெண்டுல தொடங்கவான்னு உனக்கு மட்டுமா குழப்பம்? 1947ல லண்டன் வாத்தியார் பியர் ஹவானாவுக்குப் போனாரு. அங்க ஆடுதவங்க ரெண்டுலதான் காலை எடுத்து வைக்காங்கன்னு பாத்துட்டு வந்து, தன் ஆட்ட ஜோடி டோரிஸ் லாவெல்லோட சேந்து அதையே சொல்லிக் குடுத்தாரு. ஒண்ணுல தொடங்கி, காலால சதுரமாக் கட்டம் போட்டு ஆடுத வாத்தியாருங்க விடுவாங்களா? வருசக்கணக்கா மல்லுக்கட்டு. அமெரிக்கக் கூடங்கள்ல இன்னிக்கும் அந்தக் கட்டந்தான்: ஒண்ணு ரெண்டுக்கும் சேத்து மெதுவா ஒரு அடி, மூணுல வெரசா, நாலுல வெரசா.

எது சரின்னு என்னைக் கேக்காதே. கையைப் பிடிச்சிருக்க பிள்ளை கட்டம் படிச்சவளா இருந்தா, நீயும் கட்டம் போடு. ரெண்டுதான் சுத்தம்னு ஆட்டத்துக்கு நடுவுல பாடம் எடுத்தே, நசுங்கப் போறது பியரு கால் இல்ல, உன் பெருவிரலு.

இன்னொண்ணு. உதட்டை அசைச்சு எண்ணாதே. வட்டிக்கணக்குப் போடுதேன்னு நினைச்சு அவ வேற ஆளைப் பாத்திருவா. கிளாவேங்கிற ரெண்டு கட்டை தட்டுதது காதுல விழுதான்னு பாரு. ரெண்டு ஆவர்த்தனத்துக்கு அஞ்சு தட்டு. அது கேட்டாப் பாதிக் கவலை தீந்துது.

அதுவும் கேக்கலன்னா? நாவறட்சின்னு சொல்லிட்டு எலுமிச்சைச் சாறு பக்கம் ஒதுங்கிருடே.