சேலத்துக்கு எப்போது கோப்பை?

கேள்வி: எங்கள் சேலம் ஸ்பார்டன்ஸ் மட்டும் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் கோப்பையைத் தொடவே மாட்டேன் என்கிறதே, சின்ன ஊர் என்பதாலா?
– ராசிபுரம் வாசகர்

பதில்: ஊர்மேல் பழி போடாதீர்கள். 2024-இல் திண்டுக்கல்லும் 2025-இல் திருப்பூரும் ஜெயித்தனவே! உங்கள் அணி தூத்துக்குடியில் இருந்தபோது, 2016-இல், முதல் கோப்பையையே வென்றது. சேலத்துக்கு வரும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டது!

எனக்கு வயிறு எரிவது வேறு கணக்கில். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை 2025 ஐபிஎல்லுக்கு டெல்லி அணி 10.75 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. கால்பந்தில் வீரர் நாடு விட்டு நாடு கிளப் மாறினால், மாற்றுத் தொகையில் 5 சதவீதம் அவரை இளவயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். அதுபோன்ற விதி இங்கே ஏலத் தொகைக்கு இருந்தால் அவரை வளர்த்த கிளப்புகளுக்கு 53 லட்சத்துக்கு மேல் வந்திருக்கும்; அதில் ஒரு பங்கு சேலத்துப் பக்கமும் வந்திருக்கும். இங்கேயோ ஊர்ப் பிள்ளைகளுக்கு நடராஜனே மைதானம் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பையை விடுங்கள், இந்தப் பாக்கியை முதலில் கேளுங்கள்!