மூக்கிலக்கணம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

முகர்பவர் வேறு, மணப்பவர் வேறு என்ற அடிப்படை மரியாதையைக்கூட ஆங்கில இலக்கணம் கடைப்பிடிப்பதில்லை. இரண்டு வேலைக்கும் ‘ஸ்மெல்’ என்று ஒரே வினைச்சொல். ‘ஐ ஸ்மெல்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், பேச்சு மூக்கைப் பற்றியா அக்குளைப் பற்றியா என்பது வாக்கியம் முடியும்வரை தெரியாது. சில சமயம் முடிந்த பிறகும் தெரியாது. நாய் ‘பேட்’ ஆக ஸ்மெல் செய்தால் அதைக் குளிப்பாட்ட வேண்டும். ‘பேட்லி’ என்றால், இலக்கணப் பண்டிதர்களின் தீர்ப்புப்படி, அதன் மூக்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோப்புக்கும் சிகிச்சைக்கும் நடுவே நிற்பது ஒரு ‘லி’.

பிரெஞ்சு இன்னும் சிக்கனம். அங்கே ‘ஸான்தீர்’ என்ற வினை முகரும், மணக்கும், போதாததற்கு உணரவும் செய்யும். ‘ழ ம ஸான் பியேன்’ என்றால் ‘நன்றாக இருக்கிறேன்’. பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கும் நம் பிள்ளைகள் இதிலுள்ள ‘ம’வை விழுங்கி, ‘பியேன்’ இருக்கும் இடத்தில் ‘போன்’ போட்டுவிட்டால், நலம் விசாரித்தவரிடம் ‘கமகமவென்று மணக்கிறேன்’ என்று அறிவித்ததாக ஆகும். விசாரித்தவர் அதைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

இந்தப் ‘போன்’ தனி ஆய்வுக்கு உரியது. மேசை பெண்பால், கட்டில் ஆண்பால் என்று வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பால் பிரித்த மொழி, வாசனை என்று வந்ததும் கைகழுவிவிட்டது. ஆண் மணந்தாலும் பெண் மணந்தாலும் ஒரு கூடை ரோஜா மணந்தாலும் ‘போன்’தான், பெண்பாலுக்குரிய ‘பொன்’னும் கிடையாது, பன்மை விகுதியும் கிடையாது. 1789 புரட்சி முழங்கிய சமத்துவம் குறைவின்றி நிறைவேறிய ஒரே இடம் இதுதான் என்பது எம் துணிபு.

இதே ‘ஸான்தீரை’க் கடன் வாங்கித்தான் ஆங்கிலேயர் ‘சென்ட்’ ஆக்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அதன் எழுத்துக்கூட்டலில் ஒரு ‘சி’ புகுந்தது. அதற்கு ஒலியும் இல்லை, காரணமும் இல்லை. அசலையே திருப்பாதவர்கள் வட்டி மட்டும் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பழைய ஆங்கிலத்தில் பூவும் ‘ஸ்டிங்க்’ செய்தது. இன்று அது சாக்கடையின் ஏகபோகம். நம் ‘நாற்ற’த்துக்கு நேர்ந்த கதியும் அதுவே. உறவே இல்லாத இரு மொழிகள் ஒரே பக்கம் சறுக்கியிருப்பதால், பழி மொழியைச் சேராது, மனிதர்களைச் சேரும் என்று கருத இடமுண்டு.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம். ஒருவரை அறவே பிடிக்காவிட்டால் பிரெஞ்சுக்காரர்கள் ‘அவரை முகர முடியவில்லை’ என்பார்கள். வாசனைத் தொழிலுக்காக 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கிராஸ் வட்டாரத்தில், திரவியம் கலக்கும் வல்லுநருக்கு ‘மூக்கு’ என்றே பெயர். அப்படியொரு மூக்கு வந்து, ‘மேலாளரை என்னால் முகர முடியவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் புகாரை மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவதா, இ.என்.டி. டாக்டருக்கு அனுப்புவதா?